மழைக்காலத்துக்கு வீட்டில் எவ்வளவு உணவு இருப்பு வைக்கலாம்?

கேள்வி இதுதான்: தென்சென்னையில் தாழ்வான பகுதி, முதல் மாடியில் வாடகை வீடு. கணவன், மனைவி, ஏழு வயதுப் பிள்ளை, சர்க்கரை நோயுள்ள அம்மா என்று நாலு பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாலு நாள் தெருவில் இறங்க முடியவில்லை. இந்த வருடம் மழைக்கு முன்பே சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட வேண்டும். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது? "ஒரு சிப்பம் அரிசி வாங்கிப் போடு, போதும்" என்கிறார் அம்மா. அது போதுமா?

அம்மா சொல்வதில் பாதி சரி. 25 கிலோ அரிசி நாலு பேருக்கு மூன்று வாரம் தாராளமாக வரும். ஆனால் அந்த நாலு நாளில் வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ அரிசி தீர்ந்துபோய்ப் பட்டினி கிடந்த வீடு என்று எதையும் நான் கேள்விப்படவில்லை. அரிசியைக் களையத் தண்ணீர் இல்லாத வீடுகள் ஏராளம். இண்டக்‌ஷன் அடுப்பை மட்டும் நம்பியிருந்த வீடுகள், சிலிண்டர் பாதிச் சோற்றில் அணைந்துபோன வீடுகள், அரிசி இருந்தும் பிஸ்கட் தின்ற வீடுகள். அதனால் கணக்கை அரிசியில் தொடங்காதீர்கள். தண்ணீரில் தொடங்குங்கள், அடுத்து அடுப்பு, அப்புறம்தான் மளிகை.

வெள்ளம் வந்தால் எது எந்த வரிசையில் கைவிடும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். முதலில் கரண்ட் போகும். காற்றில் கம்பி அறுந்தால்தான் போகும் என்றில்லை. தெருவில் தண்ணீர் ஏறினால் ஷாக் அடிக்காமல் இருக்க மின்வாரியமே நிறுத்திவிடும். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது ஒரு நாளில், மிஞ்சினால் ஒன்றரை நாளில் தீரும். மறுநாள் காலை பால் வராது. கேன் தண்ணீர் போடும் பையன் வரமாட்டான். செல்போனில் சார்ஜ் போய்விட்டால், அல்லது டவர் படுத்துவிட்டால், ஜிபே வேலை செய்யாது. திறந்திருக்கும் ஒரே அண்ணாச்சி கடையில் ரொக்கம்தான் செல்லும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தபிறகு அரை லிட்டர் பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றதை ஊரே பார்த்தது. உணவு இருப்போடு ஒரு கவரில் பத்து, இருபது, நூறு ரூபாய்த் தாள்களாக இரண்டாயிரம் ரூபாய் வைத்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு? சென்னைக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2015இலும் 2023இலும் மோசமாக மாட்டிக்கொண்ட பகுதிகளில் நாலைந்து நாளில் நிலைமை ஓரளவு சீரானது. மீதி இரண்டு நாள் மனநிம்மதிக்கு. டெல்டாவில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு இரண்டு வாரக் கணக்கு சொல்லுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபிறகு, உள்ளூர்க் கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. ஊர்கூடிப் பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத்தான் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று வாங்கிக் குவிப்பது நம் ஊருக்கு வேண்டாத வேலை. நம் ஈரப்பதத்தில் பாதி வண்டுக்குத்தான் போகும்.

இப்போது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று போடுங்கள். நாலு பேருக்கு 20 லிட்டர், அதாவது நாளுக்கு ஒரு கேன். ஏழு கேன் வைக்க வாடகை வீட்டில் இடம் இருக்காது. ஐப்பசி பிறந்ததிலிருந்து மூடி உடைக்காத கேன் மூன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஒன்றைத் திறந்தால் அன்றே ஒன்று வாங்கிவிட வேண்டும். வெயில் படாத மூலையில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்று மீதியைப் பிடித்துக்கொள்ளலாம்: குடம், தவலை, குக்கர், மூடியுள்ள வாளி, எதெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம். கழுவவும் கக்கூசுக்கும் தனியாக டிரம்மில்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் நிறைந்த அடுக்குமாடிகளிலேயே இதில் கோட்டை விடுகிறார்கள். புயலுக்கு முன் சம்ப்பிலிருந்து, அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து, மேல்தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். தெருத் தண்ணீர் வளாகத்துக்குள் வந்துவிட்டால் சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், பார்க்கத் தெளிவாக இருந்தாலும். கரண்ட் வந்த சந்தோஷத்தில் யாராவது ஓடிப்போய் மோட்டாரைப் போட்டால், அதுவரை நல்லதாக இருந்த மேல்தொட்டித் தண்ணீரும் கெட்டது. சுவிட்சின் மேல் ஒரு தாள் ஒட்டி "சம்ப் கழுவும்வரை போடாதீர்கள்" என்று எழுதிவைப்பது சின்ன வேலை. வாந்திபேதிக்கு ஆஸ்பத்திரி அலைவது பெரிய வேலை.

கேன் தீர்ந்துவிட்டால், மொட்டைமாடியில் திறந்தவெளியில் அகலமான பாத்திரம் வைத்து மழைநீரையே பிடிக்கலாம். குழாய் வழியாக இறங்குவது வேண்டாம், அதில் மாடி அழுக்கெல்லாம் வரும். பிடித்ததை வெள்ளைத்துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். பத்து நிமிடம் கொதிக்கவைத்து கேஸை வீணாக்க வேண்டாம். கேஸும் தட்டுப்பாடு என்றால் மருந்துக்கடையில் குளோரின் மாத்திரை கேளுங்கள். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையில் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போட்டு அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். லேசாக வாடை வரும், பயப்பட வேண்டாம்.

அடுத்து அடுப்பு. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ. இரண்டாவது சிலிண்டர் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஒன்றுதான் என்றால், மழைக்காலத்தில் காலியாகும்வரை காத்திருக்காதீர்கள். 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்வது நல்லது. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: தண்ணீர் உள்ளே வந்தால் சிலிண்டர் மிதந்து சாய்ந்துவிடும், ரப்பர் டியூப் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் வாசலைத் தொடும்போதே ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட வேண்டும். கரியடுப்பை அறைக்குள் மூட்டாதீர்கள். மழைக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே கரி எரித்தால் புகை தெரியாமலே ஆளைக் கொல்லும். லைட்டர் ஈரத்தில் பொறி விடாது. இரண்டு தீப்பெட்டியை இறுக மூடிய பாட்டிலில் போட்டு வையுங்கள்.

இந்த இரண்டும் தெரிந்தால் மளிகைப் பட்டியல் தானாக மாறும். நாம் தினமும் செய்யும் சாதம், சாம்பார், ரசம், பொரியல் என்ற நாலு பாத்திரச் சமையல் தண்ணீரையும் கேஸையும் குடித்துவிடும். ஒரு கிலோ அரிசியை இரண்டு தரம் களைந்து, கஞ்சி வடித்துச் சமைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் போய்விடும். அதே அரிசியை ஒருமுறை களைந்து, அரைமணி ஊறவைத்து, குக்கரில் அளந்து வைத்தால் ஐந்துக்குள் முடியும், கேஸும் மிச்சம். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். சாப்பிடும் தட்டுகளைக் கழுவுவதில்தான் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். ஐம்பது பாக்குமட்டைத் தட்டு வாங்கி வைத்தால் அந்தச் செலவே இல்லை.

நான் போடும் பட்டியலை மூன்று அடுக்காகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் அடுக்கு, அடுப்பே வேண்டாதது. இதில் அரசன் அவல்தான். கெட்டி அவலை ஒரே ஒரு தண்ணீரில் அலசி, ஒரு டம்ளர் அவலுக்கு முக்கால் டம்ளர் தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் கால்மணியில் பூவாக ஊறிவிடும். மெல்லிய அவல் என்றால் தெளித்த மாத்திரத்தில். துருவிய தேங்காய், வெல்லம் போட்டால் பிள்ளைக்கு. புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி போட்டுப் பிசைந்தால் புளி அவல். கார்ன்ஃப்ளேக்ஸுக்குப் பால் வேண்டும், அவலுக்கு அதுவும் வேண்டாம். இதோடு பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சை, ரஸ்க், மாரி பிஸ்கட். தீபாவளி முறுக்கு டப்பாவும் இதே பருவத்தில்தான் வீட்டில் இருக்கும். புயல் தீபாவளிக்குப் பிறகு வந்தால், யாரும் கணக்கில் சேர்க்காத அந்த டப்பா இரண்டு சாயங்காலத்தை ஓட்டிவிடும்.

இரண்டாம் அடுக்கு, பத்து நிமிட அடுப்பு: வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, கோதுமை ரவை. சத்துமாவுக் கஞ்சி பிள்ளைக்கும் வயதானவர்களுக்கும் நன்றாக ஒத்துக்கொள்ளும்.

மூன்றாம் அடுக்கு, குக்கர் ஒரு முறை: அரிசியும் பாசிப்பருப்பும் போட்ட பொங்கல், கொங்கு வீடுகளில் செய்யும் அரிசி பருப்புச் சாதம், உருளைக்கிழங்கு போட்ட கிச்சடி. எல்லாம் ஒரே பாத்திரம். துவரம்பருப்பைவிடப் பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும், அதனால் இருப்பில் அதற்கே முன்னுரிமை.

நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு அளவு: அரிசி 5 கிலோ, அவல் ஒன்றரைக் கிலோ, ரவையும் சேமியாவும் சேர்த்து ஒன்றரைக் கிலோ, பருப்பு வகை 2 கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், வெல்லமும் சர்க்கரையும் ஒன்றரைக் கிலோ, வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் ஒரு கிலோ, பால்பவுடர் அரைக் கிலோ. கலோரிக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 55,000 வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000க்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாளுக்கு, அதுவும் ஒரு சின்னப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு, இது போதும். இதில் அரிசியின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் ஒரு லிட்டரே 8,000 கலோரிக்கு மேல் தருகிறது. அம்மாவின் சிப்பம் இருந்தால் இருக்கட்டும், ஆனால் எண்ணெயும் கடலையும் வெல்லமும் இல்லாத சிப்பம் வெறும் சோறுதான்.

வெறும் சோறு என்றதும் தொட்டுக்கொள்ள வேண்டியது ஞாபகம் வருகிறது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மூன்றாம் நாள் ருசியில்லாமல் போனால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடும், பெரியவர்களும் பாதியில் எழுந்துவிடுவார்கள். புளிக்காய்ச்சல், தக்காளித்தொக்கு, வத்தல்குழம்பு, பருப்புப்பொடி, ஊறுகாய், அப்பளம். அசைவ வீடு என்றால் நெத்திலிக் கருவாடு கால் கிலோ, முட்டை ஒரு டஜன். வெளியில் வைத்தாலும் அந்த வாரத்துக்குக் கெடாது. நம் பாட்டிமார் சித்திரை வெயிலில் வத்தலும் வடாமும் போட்டு, பங்குனியில் புது புளி வாங்கிப் பானையில் அடைத்ததெல்லாம் இந்த அடைமழை மாதங்களை மனதில் வைத்துத்தான். காய்கறியில் சேனை, சேப்பங்கிழங்கு, உருளை, வெங்காயம், பூசணி, நாலு தேங்காய். கீரையும் தக்காளியும் முதல் நாளே தீர்த்துவிட வேண்டியவை.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் குளிர்ச்சி காக்கும். முதல் நாள் பால், மீந்த குழம்பு, மீன் அல்லது கறி. மாவு புளித்துப் பொங்குவதற்குள் எல்லாவற்றையும் தோசையாக வார்த்துவிடுங்கள். இரண்டாம் நாள் தயிரும் காய்கறியும். மூன்றாம் நாளிலிருந்துதான் டப்பாவைத் திறக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்து, முதல் நாளே பயத்தில் பிஸ்கட்டைக் காலி செய்துவிட்டு, ஃப்ரிட்ஜில் இருந்ததைக் குப்பையில் போடுகிறார்கள்.

அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளை தவறிச் சாப்பிடக் கூடாது, அவலும் வெல்லமுமாகச் சாப்பிடவும் கூடாது. அவருக்கென்று பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முட்டை, பச்சைப்பயறு கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்கக் கைக்கெட்டும் இடத்தில் குளுக்கோஸ் பொடி அல்லது சர்க்கரை. மாத்திரை இரண்டு வாரத்துக்கு இருப்பு. இன்சுலின் என்றால், கரண்ட் இல்லாதபோது மருந்தை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தண்ணீர் நிரம்பிய மண்பானைக்குள் இறக்கி வைக்கலாம். நம் டிசம்பர் குளிருக்கு அது நன்றாகவே தாங்கும்.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இல்லை. இருக்கும் வீடுகளுக்கு ஒரு வரி: ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும்தான், அப்போது தாய்க்குத்தான் சாப்பாடும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். பவுடர் பால் குடிக்கும் குழந்தை என்றால் கொதிக்கவைத்த தண்ணீரில் கலந்து, பாட்டிலுக்குப் பதில் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) புகட்டுங்கள். பாலாடையை ஒரு கை தண்ணீரில் சுத்தமாகக் கழுவலாம், பாட்டிலின் கழுத்தை அப்படிக் கழுவ முடியாது. யாருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் ஓஆர்எஸ் பாக்கெட் வேண்டும், பத்து வாங்கி வையுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

கெடாமல் வைப்பதற்கு நம்மூர் முறைகளே போதும். ஆவணி வெயில் இருக்கும்போதே பருப்பையும் அரிசியையும் ஒரு காய்ச்சல் காயவைத்து, சூடு ஆறியபின் டப்பாவில் போடுங்கள். அரிசியில் காய்ந்த மிளகாயும் வேப்பிலைச் சருகும். துவரையில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவிப் பிசிறிவைத்தால் வண்டு அண்டாது. ரவையை வறுத்தே வைக்க வேண்டும். வண்டும் வராது, உப்புமாவுக்கும் நேரம் மிச்சம். பொட்டுக்கடலையும் அவலும் இறுக மூடாவிட்டால் இரண்டு நாளில் நமுத்துப்போகும். வேர்க்கடலையில் பூஞ்சை கண்டால் வறுத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது. முதல் மாடி என்பதால் உங்களுக்குப் பரண் தேவையில்லை. தரைத்தளத்தார் மொத்தத்தையும் மூடியுள்ள ஒரே பெயிண்ட் வாளி அளவுப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்ற வேண்டும். வெள்ளத்தண்ணீர் தொட்ட அரிசி, மாவு, காய், திறந்த பாக்கெட் எதையும் கழுவிப் பயன்படுத்த முயலாதீர்கள்.

இதற்கென்று தனி அலமாரியும் வேண்டாம், "அவசரத்துக்கு" என்று பூட்டியும் வைக்க வேண்டாம். பூட்டிவைத்தது தை மாதம் திறக்கும்போது வண்டோடு வரும். மாத மளிகையில் மேலே சொன்ன பொருள்களை ஒரு சுற்று கூடுதலாக வாங்குங்கள். புதிது பின்னால், பழையது முன்னால். அன்றாடச் சமையலுக்கு முன்னால் இருப்பதை எடுங்கள், எடுத்ததை அடுத்த மாதம் நிரப்புங்கள். ஏற்கெனவே அரிசியும் எண்ணெயும் வீட்டில் இருப்பதால், உண்மையில் கூடுதல் செலவு ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம்தான் வரும். மொத்தத்தையும் புதிதாக வாங்கினாலும் சுமார் இரண்டாயிரம்.

எப்போது வாங்குவது? புரட்டாசிக்குள். ஐப்பசியில் அடைமழை பிடித்தபின் கடைக்குப் போனால் பிரெட்டும் பாலும்தான் கூட்டத்தோடு கூட்டமாக வாங்குவீர்கள். எப்போது முடிப்பது என்பதில் அவசரம் வேண்டாம். கார்த்திகை தீபம் முடிந்தால் மழை முடிந்தது என்று ஒரு நினைப்பு உண்டு. 2023இல் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் அந்தப் பெருமழை பெய்தது டிசம்பர் 17, 18இல், மார்கழி பிறந்த கையோடு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியிருந்தது. அதனால் பொங்கல்வரை இருப்பைக் குறையவிடாதீர்கள். தை பிறந்தபின் அவலையும் சேமியாவையும் காலை டிபனில் தீர்த்துவிடலாம். பாசிப்பருப்பும் வெல்லமும் பொங்கலன்றே பாதி போய்விடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது என்று கேட்டால்: கேன் இரண்டு கூடுதலாகச் சொல்லுங்கள், சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள் (கேஸ் இருக்கும் மட்டம்வரை ஈரம் காயத் தாமதமாகும்), அம்மாவின் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய் வாருங்கள். மளிகை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.